சிறு வண்டியா, பெரு வண்டியா?

பிற மாநிலங்களில் வாழும் தமிழர்களுள் பலர் கடையோ, பட்டறையோ, சிற்றுண்டிச் சாலையோ நடத்தி வருகின்றனர். தொழில் சற்றே வளர்ந்ததும், வாடகை வண்டியை நம்பியிராமல் சொந்தமாக ஒரு சரக்கு வண்டி வாங்கலாம் என்னும் எண்ணம் தோன்றுவது இயல்பு. சிறிய வண்டியை வாங்குவதா, பெரிய வண்டியை வாங்குவதா என்பதே அப்பொழுது எழும் முதற் கேள்வி. பல்லாண்டு சேர்த்த பொருளும், அதற்கு மேல் வாங்கும் கடனும் இவ்வொரு முடிவில் அடங்கிவிடுவதால், இதனை நிதானமாக ஆராய்தல் வேண்டும்.

நான்கு சக்கரச் சிறு சரக்கு வண்டி நம் நாட்டில் பெருகியது, 2005ஆம் ஆண்டில் டாடா நிறுவனம் 'ஏஸ்' என்னும் வண்டியை வெளியிட்ட பின்னரே ஆகும். இரண்டே உருளைகளும் 16 குதிரைத் திறனும் உடைய டீசல் எஞ்சின் அதில் பொருத்தப்பட்டிருந்தது. தமிழ்நாட்டில் 'குட்டி யானை' என்றும், வடக்கே 'சோட்டா ஹாத்தி' என்றும் மக்கள் அதற்குப் பெயர் சூட்டினர். இன்று பெட்ரோல், இயற்கை எரிவாயு, மின்சாரம் ஆகியவற்றால் ஓடும் வகைகளும் உள. இவ்வகை வண்டி ஏறத்தாழ முக்கால் டன் சுமக்கும். இதற்கு அடுத்த படியில் நிற்பது மகிந்திரா பொலேரோ போன்ற பிக்கப் வண்டி. நான்கு உருளைகளும் இரண்டரை லிட்டர் கொள்ளளவும் உடைய எஞ்சினைக் கொண்ட இது, வகைக்கு ஏற்ப 1.3 டன் முதல் 2 டன் வரை சுமக்கும்.

முதலில் ஆராய வேண்டுவது சுமை. முக்கால் டன் என்பது 50 கிலோ சிமெண்டு மூட்டைகள் பதினைந்து. 25 கிலோ அரிசிப் பைகளாயின் முப்பது. நாள்தோறும் ஏற்றும் சரக்கு இதற்குள் அடங்குமாயின் சிறு வண்டியே போதும். ஆனால் எடை ஒன்றையே நோக்குதலும் தவறு. பொரி மூட்டை, மெத்தை, பிளாஸ்டிக் குடம் முதலியன எடை குறைந்தவை. இடத்தையோ மிகுதியாக அடைப்பவை. சிறு வண்டியின் சரக்குத் தளம் ஏழடி நீளத்திற்குச் சற்றே மிகும். பிக்கப் வண்டியிலோ எட்டு முதல் பத்து அடி வரை இடமுண்டு. இத்தகைய சரக்கை விற்போர் தராசுடன் அளவு நாடாவையும் கையில் எடுக்க வேண்டும்.

அடுத்தது செல்லும் வழி. மும்பைத் தாராவியின் சந்துகளில் சரக்கு இறக்குபவருக்குக் குறுகிய இடத்தில் திரும்பும் சிறு வண்டியே உற்ற துணை. அதே மும்பையிலிருந்து போர்காட் மலையேற்றத்தைக் கடந்து புணேக்கு அடிக்கடி சரக்கு அனுப்புபவருக்கோ, திறன் மிக்க எஞ்சினே ஏற்றது. முழுச் சுமையுடன் மலையேறும் சிற்றெஞ்சின் திணறும், நேரமும் வீணாகும்.

மூன்றாவது சட்டம். வண்டியும் சுமையும் சேர்ந்த மொத்த எடை 3,000 கிலோவுக்கு மேற்படாத சரக்கு வண்டிக்கு, 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டப்படி பெர்மிட் தேவையில்லை. சிறு வண்டிகள் இவ்வரம்புக்கு உட்பட்டவை. பிக்கப் வண்டிகளுள் சில இதற்குள்ளும், சில இதற்கு மேலும் வருவதால், பணம் கட்டுமுன் அவ்வெண்ணைக் கேட்டறிதல் நலம். ஓட்டுநர் உரிமத்தில் வேறுபாடு இல்லை. இலகு ரக வாகன உரிமம் பெற்றவர் மொத்த எடை 7,500 கிலோ வரையுள்ள சரக்கு வண்டியை ஓட்டலாம் என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. 2022இல் அறிவிக்கப்பட்ட மூன்றாம் தரப்புக் காப்பீட்டுக் கட்டண அட்டவணையிலும் 7,500 கிலோ வரையுள்ள சரக்கு வண்டிகள் ஒரே பிரிவைச் சேர்ந்தனவே.

வெளிமாநிலத்தில் வாழ்வோர் மற்றொன்றையும் கருத வேண்டும். வண்டி வழக்கமாக நிற்கும் ஊரிலேயே அதனைப் பதிவு செய்தல் முறை. பின்னர் அதனை வேறு மாநிலத்திற்குக் கொண்டு சென்று பன்னிரண்டு மாதங்களுக்கு மேல் வைத்திருப்பின், அங்கே புதிய பதிவெண் பெற வேண்டும். அம்மாநில வரியும் உண்டு. ஆதலால் சில ஆண்டுகளில் ஊர் திரும்பும் எண்ணமுடையோர், இருக்கும் இடத்திலேயே எளிதில் விலைபோகும் வண்டியை வாங்குவது நன்று.

இத்துறையில் மக்கள் செய்யும் பிழைகள் இரண்டு. ஒன்று, சிறு வண்டியை வாங்கிப் பெருஞ்சுமை ஏற்றுதல். இதனால் டயரும் வில்பட்டையும் விரைவில் கெடும். பிரேக்கை அழுத்தியும் வண்டி உரிய தூரத்தில் நில்லாது. 2019இல் திருத்தப்பட்ட சட்டப்படி மிகைச் சுமைக்கு அபராதம் ரூ. 20,000, மிகையான ஒவ்வொரு டன்னுக்கும் மேலும் ரூ. 2,000. மற்றொன்று, என்றேனும் தேவைப்படும் என்று பெரு வண்டியை வாங்கி, நாள்தோறும் பாதி காலியாக ஓட்டுதல். இதில் அபராதம் இல்லை. ஆயினும் கடன் தவணையும் எரிபொருளும் மாதந்தோறும் வருவாயை அரித்துவிடும்.

ஓர் எடுத்துக்காட்டுக் காண்போம். மாதத்தில் 26 நாள் வண்டி ஓடுகிறது என்று கொள்வோம். 22 நாள் 600 கிலோவும், நான்கு நாள் மட்டும் 1,400 கிலோவும் ஏற்ற வேண்டியிருப்பின், சிறு வண்டியை வாங்கி, அந்நான்கு நாளும் இருமுறை சென்று வருவதே சிக்கனம். தொலைவு மிகுதியாயின் அந்நாட்களில் மட்டும் பெரிய வண்டியை வாடகைக்கு அமர்த்தலாம். இதற்கு மாறாக, பெரும்பாலான நாட்களில் சுமை ஒரு டன்னைத் தாண்டுமாயின், பிக்கப் வண்டிக்குச் செலவிடத் தயங்க வேண்டுவதில்லை.

இக்கணக்கை ஊகத்தால் போட இயலாது. ஆகவே, விற்பனை நிலையத்தின் படி ஏறுமுன் ஒரு மாதம் வாடகை வண்டியிலேயே தொழிலை நடத்துக. சென்ற தொலைவு, ஏற்றிய எடை, அடைத்த இடம், கொடுத்த வாடகை ஆகிய நான்கையும் ஒரு குறிப்பேட்டில் நாள்தோறும் எழுதி வருக. ஆண்டில் ஒருமுறை வரும் பெருஞ்சுமையை விடுத்து, அடிக்கடி வரும் சுமைக்கு ஏற்ற வண்டியைத் தேர்க. மாதவாடகையின் மொத்தம், தவணை, எரிபொருள், காப்பீடு, பழுதுபார்ப்பு ஆகியவற்றின் கூட்டுத்தொகையைவிடக் குறைவாக இருப்பின், சொந்த வண்டி வாங்கும் காலம் இன்னும் வரவில்லை என்று அறிந்து, சேர்த்த பொருளைக் காத்துக்கொள்ளலாம்.