வலைப்பதிவு விளம்பர வருவாய்

வலைப்பதிவு விளம்பர வருவாய் என்பது தனிநபர் ஒருவர் தம் வலைப்பதிவின் பக்கங்களில் பிறருடைய விளம்பரங்களுக்கு இடமளிப்பதன் மூலம் பெறும் வருமானம் ஆகும். பதிவர் வாசகரிடம் கட்டணம் எதுவும் பெறுவதில்லை. வாசகரின் கவனத்தைப் பெற விரும்பும் விளம்பரதாரரே பணம் செலுத்துகிறார். பெரும்பாலான சிறு வலைப்பதிவுகளில் பதிவரும் விளம்பரதாரரும் ஒருவரையொருவர் அறியார். இருவருக்கும் நடுவே விளம்பர வலையமைப்பு எனப்படும் நிறுவனம் இடைத்தரகராகச் செயற்படுகிறது. இவ்வலையமைப்புகளுள் பரவலாக அறியப்பட்டது கூகுள் நிறுவனத்தின் ஆட்சென்ஸ் ஆகும். இம்முறையில் கிடைக்கும் வருவாய் எழுத்தின் தரத்தைக் காட்டிலும் பக்கத்தின் பொருள், மொழி, வாசகர் வாழும் நாடு ஆகியவற்றையே பெரிதும் சார்ந்துள்ளது.

வரலாறு

1994 அக்டோபர் 27 அன்று ஹாட்வயர்டு இணையத்தளத்தில் வெளியான பட்டை விளம்பரங்கள் இணைய விளம்பரத்தின் தொடக்கமாகக் கருதப்படுகின்றன. அக்காலத்தில் விளம்பர இடம், அச்சு இதழ்களைப் போன்றே, நேரடிப் பேரத்தின் மூலம் விற்கப்பட்டது. ஆகவே விற்பனைப் பிரிவு வைத்திருந்த பெரிய தளங்களுக்கே அது பயன்பட்டது. 1998ஆம் ஆண்டு கோடு.காம் என்ற தேடுபொறி, ஒவ்வொரு சொடுக்குக்கும் கட்டணம் பெறும் ஏல முறையை அறிமுகப்படுத்தியது. கூகுள் 2000 அக்டோபரில் ஆட்வேர்ட்ஸ் என்னும் திட்டத்தைத் தொடங்கி, தன் தேடல் முடிவுகளின் அருகே விளம்பரங்களை விற்றது.

2003ஆம் ஆண்டு திருப்புமுனையாக அமைந்தது. அவ்வாண்டு பெப்ரவரியில் பிளாகர் சேவையை நடத்திவந்த பைரா லேப்சு நிறுவனத்தையும், ஏப்ரலில் பக்கங்களின் பொருளை ஆராயும் நுட்பத்தை உருவாக்கியிருந்த அப்ளைடு செமான்டிக்சு நிறுவனத்தையும் கூகுள் வாங்கியது. ஆட்சென்ஸ் என்ற பெயர் பின்னைய நிறுவனத்திடமிருந்து வந்ததாகும். சூன் மாதத்தில் அத்திட்டம் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. விளம்பரதாரரைத் தேடி அலையாமலேயே ஒரு தனிநபர் தம் பக்கத்தில் விளம்பரம் இட இது வழிவகுத்தது.

ஒரு சிலர் வலைப்பதிவையே வாழ்வாதாரமாக்கினர். அமெரிக்கப் பதிவர் ஹெதர் ஆம்ஸ்ட்ராங் தம் 'டூசு' வலைப்பதிவில் 2004ஆம் ஆண்டு விளம்பரங்களை ஏற்கத் தொடங்கினார். அடுத்த ஆண்டிலேயே அது அவருடைய குடும்பத்தின் முதன்மை வருமானமாயிற்று. இவ்வாறான எடுத்துக்காட்டுகள் பரவலாகப் பேசப்பட்டாலும் இவை விதிவிலக்குகளே.

செயற்படும் முறை

பதிவர் முதலில் விளம்பர வலையமைப்பில் விண்ணப்பிக்கிறார். வலைப்பதிவு ஏற்கப்பட்டால் அவருக்கு ஒரு சிறு நிரல்துண்டு வழங்கப்படும். அதனை வலைப்பதிவின் வார்ப்புருவில் ஒட்டிய பின்னர் பின்வருவன நிகழ்கின்றன:

1. வலையமைப்பின் தானியங்கி நிரல் பக்கத்தைப் படித்து, அதன் மொழியையும் பொருளையும் கணிக்கிறது.
2. வாசகர் பக்கத்தைத் திறக்கும்போது, அவருடைய உலாவி நிரல்துண்டை இயக்கி வலையமைப்பின் வழங்கியிடம் விளம்பரம் கோருகிறது.
3. அந்த இடத்திற்குப் பொருந்தும் விளம்பரங்களுக்கிடையே ஓர் ஏலம் நடைபெறுகிறது.
4. வென்ற விளம்பரம் பக்கத்தில் தோன்றுகிறது.

இவை அனைத்தும் ஒரு நொடிக்கும் குறைவான நேரத்தில் முடிகின்றன. தொடக்கத்தில் பக்கத்தின் பொருளே விளம்பரத்தைத் தீர்மானித்தது. 2009 மார்ச்சில், வாசகர் முன்னர்ப் பார்த்த தளங்களைக் கொண்டு அவருடைய ஆர்வத்தைக் கணிக்கும் முறையையும் கூகுள் அறிமுகப்படுத்தியது. எனவே ஒரே பக்கத்தைத் திறக்கும் இரு வாசகர்கள் வெவ்வேறு விளம்பரங்களைக் காணலாம்.

கட்டண முறைகள்

விளம்பரதாரர்கள் பொதுவாக மூன்று முறைகளில் கட்டணம் செலுத்துகின்றனர்.

சொடுக்குக் கட்டணம்: வாசகர் விளம்பரத்தைச் சொடுக்கும்போது மட்டும் செலுத்தப்படுவது.
தோற்றக் கட்டணம்: விளம்பரம் ஆயிரம் முறை காட்டப்படுவதற்கு இவ்வளவு என்று கணக்கிடப்படுவது.
செயல் கட்டணம்: வாசகர் பொருளை வாங்கினால் அல்லது பதிவு செய்துகொண்டால் மட்டும் செலுத்தப்படுவது. அமேசான் நிறுவனம் 1996ஆம் ஆண்டு தொடங்கிய இணைவுத் திட்டம் இவ்வகையைச் சேர்ந்தது.

ஆட்சென்ஸ் நெடுங்காலம் பெரும்பாலும் சொடுக்கின் அடிப்படையில் பதிவருக்குப் பணம் வழங்கியது. பதிவருக்குரிய பங்கு 68 விழுக்காடு என 2010 மே மாதத்தில்தான் கூகுள் முதன்முறையாக வெளிப்படுத்தியது. 2023 நவம்பரில் அறிவிக்கப்பட்டு 2024இல் நடைமுறைக்கு வந்த மாற்றத்தின்படி, பதிவருக்குப் பெரும்பாலும் தோற்றங்களின் அடிப்படையில் பணம் வழங்கப்படுகிறது. இதில் விளம்பரம் வாங்கும் தளம் தன் கட்டணத்தை முதலில் எடுத்துக்கொள்ள, மீதியில் 80 விழுக்காடு பதிவரைச் சேர்கிறது. கூகுளின் சொந்த வாங்கும் தளம் சராசரியாக 15 விழுக்காடு எடுப்பதால், எஞ்சும் 85இல் 80 விழுக்காடு, அதாவது ஏறத்தாழ முன்னைய 68 விழுக்காடே, பதிவருக்குக் கிடைக்கிறது.

ஓர் எடுத்துக்காட்டுக் கணக்கு

பின்வரும் எண்கள் விளக்கத்திற்காகக் கொள்ளப்பட்டவை. ஒரு வலைப்பதிவு மாதம் 10,000 முறை பார்க்கப்படுகிறது எனக் கொள்வோம். இருநூறு பார்வைகளுக்கு ஒருமுறை விளம்பரம் சொடுக்கப்பட்டால் மொத்தம் 50 சொடுக்குகள். விளம்பரதாரர் சொடுக்கு ஒன்றுக்கு 5 ரூபாய் செலுத்தினால் 250 ரூபாய். அதில் 68 விழுக்காடு 170 ரூபாய். இதுவே பதிவரின் மாத வருமானம்.

ஆட்சென்ஸ் கணக்கில் 100 டாலர் சேர்ந்த பின்னரே பணம் அனுப்பப்படும். ஒரு டாலர் 85 ரூபாய் எனில் இது 8,500 ரூபாய். அதனை எட்ட இப்பதிவருக்கு 50 மாதங்கள், அதாவது நான்கு ஆண்டுகளுக்கும் மேல் ஆகும். மாதம் பத்தாயிரம் பார்வைகள் என்பது ஒரு தனிநபர் வலைப்பதிவுக்கு எளிதில் கிடைப்பதன்று என்பதும் நினைவிற்கொள்ளத் தக்கது.

விலையைத் தீர்மானிக்கும் காரணிகள்

ஏலத்தில் விலையை உயர்த்துவது, வாசகர் அடுத்து என்ன வாங்கக்கூடும் என்ற எதிர்பார்ப்பே. வீட்டுக் கடன் பற்றிய பக்கத்தைப் படிப்பவர் கடன் வாங்க எண்ணியிருக்கக்கூடும். அவரை அடைய வங்கிகள் போட்டியிடுகின்றன. சங்க இலக்கியம் பற்றிய பக்கத்தைப் படிப்பவரிடம் விற்பதற்கு அவ்வாறான பொருள் அரிது. இரண்டாவது பக்கத்தை எழுதப் பன்மடங்கு உழைப்புத் தேவைப்பட்டிருக்கலாம். ஆயினும் ஏலம் அவ்வுழைப்பைக் கணக்கில் கொள்வதில்லை.

வாசகர் இருக்கும் நாடும் முதன்மையானது. ஒரே பக்கம் மதுரையில் திறக்கப்படும்போதும் தொரன்டோவில் திறக்கப்படும்போதும் அதற்காகப் போட்டியிடும் விளம்பரதாரர்கள் வேறு. ஆகவே விலையும் வேறு.

தமிழ் வலைப்பதிவுகளில்

2003ஆம் ஆண்டளவில் தமிழ் வலைப்பதிவுகள் தோன்றத் தொடங்கின. ஆட்சென்ஸ் தொடங்கப்பட்டதும் அதே ஆண்டில்தான். எனினும் அத்திட்டம் ஏற்கும் மொழிகளின் பட்டியலில் தமிழ் இடம்பெறவில்லை. இந்திய மொழிகளுள் இந்தி 2014 திசம்பரிலும், தமிழ் 2018 பெப்ரவரியிலும் சேர்க்கப்பட்டன. இடைப்பட்ட ஏறத்தாழ பதினைந்து ஆண்டுகள், தமிழில் மட்டும் எழுதியவர்களுக்கு இவ்வழி முறைப்படி அடைக்கப்பட்டிருந்தது. தமிழ்ப் பக்கத்தில் நிரல்துண்டை இடுவது விதிமீறலாகும் என்பதால் கணக்கை இழக்கும் இடரும் இருந்தது. தமிழ் வலைப்பதிவுகளின் தொடக்க கால வளர்ச்சி, பெரும்பாலும் ஊதியம் எதிர்பாராத எழுத்தினால் நிகழ்ந்ததாகும்.

மொழி சேர்க்கப்பட்டதனால் மட்டும் வருவாய் உயர்ந்துவிடாது. தமிழ்ப் பக்கங்களுக்காகப் போட்டியிடும் விளம்பரதாரர்கள் ஆங்கிலப் பக்கங்களைவிடக் குறைவாயின், ஏல விலையும் குறைவாகவே இருக்கும்.

விதிகளும் இடர்களும்

பதிவர் தம் பக்கத்து விளம்பரங்களைத் தாமே சொடுக்குவதும், சொடுக்குமாறு நண்பர்களையோ வாசகர்களையோ கேட்பதும் தடைசெய்யப்பட்டவை. இவ்வாறான சொடுக்குகளால் ஏமாற்றப்படுபவர் விளம்பரதாரர் ஆவார். போலிச் சொடுக்குகளுக்கும் கட்டணம் பெறப்பட்டதாகக் கூறி ஆர்க்கன்சா மாநிலத்தில் கூகுள் மீது தொடுக்கப்பட்ட வழக்கு, 2006ஆம் ஆண்டு 9 கோடி டாலர் வரையிலான உடன்பாட்டில் முடிந்தது. விதிமீறல் கண்டறியப்பட்டால் கணக்கு முடக்கப்பட்டு, சேர்ந்த தொகை விளம்பரதாரர்களுக்குத் திருப்பியளிக்கப்படலாம்.

பிறருடைய ஆக்கங்களைப் படியெடுத்து இடும் பக்கங்களும் ஏற்கப்படுவதில்லை. 18 வயது நிறையாத மாணவர்கள் தம் பெயரில் கணக்குத் தொடங்க இயலாது. பெற்றோர் அல்லது காப்பாளரின் கணக்கையே பயன்படுத்த வேண்டும். பெறப்படும் தொகை வருமான வரிச் சட்டத்திற்கு உட்பட்டது.

விமர்சனங்கள்

விலையைப் பொருளே தீர்மானிப்பதால், பதிவர்கள் தாம் அறிந்த துறையை விட்டு விலைமிகுந்த துறைகளைப் பற்றி எழுத ஈர்க்கப்படுகின்றனர் என்பது இம்முறை மீதான முதன்மையான விமர்சனம் ஆகும். பார்வைகளைப் பெருக்கும் நோக்கில் மிகைப்படுத்திய தலைப்புகள் இடுவதும், ஒரு கட்டுரையைப் பல பக்கங்களாகத் துண்டிப்பதும் வழக்கமாயின. வாசகரின் உலாவல் பழக்கங்கள் பதிவு செய்யப்படுவது தனியுரிமைச் சிக்கலாகக் கருதப்படுகிறது. விளம்பரத் தடுப்பு நிரல்களைப் பலர் நாடுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

மறுபுறம், பெரிய ஊடக நிறுவனங்களின் துணையின்றி ஒருவர் எழுதவும், அதன் செலவை ஓரளவேனும் ஈட்டவும் இம்முறை இடமளித்தது என்பதை ஆதரவாளர்கள் சுட்டுகின்றனர். வழங்கி இடத்திற்கும் ஆள்களப் பெயருக்குமான ஆண்டுக் கட்டணத்தை ஈடுசெய்யும் அளவு வருவாய் கிடைப்பதே பல சிறு பதிவர்களுக்குப் போதுமானதாக உள்ளது.

இவற்றையும் பார்க்க

வலைப்பதிவு
தேடுபொறி
இணைய விளம்பரம்
சொடுக்கு மோசடி
தனியுரிமை