உறைபனியில் கருகிய ஆர்க்கிட்: குப்பையில் போடுமுன் ஒரு வார்த்தை

மளிகைக் கடைக்காரருக்கும் ஆர்க்கிட் செடிக்கும் என்ன சம்பந்தம் என்று வணிக நண்பர்கள் கேட்கலாம். சம்பந்தம் உண்டு. ஐஸ்கிரீமுக்கும் கேக்குக்கும் வாசனை தரும் வெனிலா, ஆர்க்கிட் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு கொடியின் காய்தான். அது மட்டுமல்ல. நம்மிடம் சரக்கு எடுக்கும் மலைத்தோட்டக்காரர்கள் பலர் வீட்டு முற்றத்தில் ஆர்க்கிட் தொட்டி வைத்திருக்கிறார்கள். மார்கழி, தை மாதங்களில் மண்டிக்கு வந்தால், "செடி கருகிப் போச்சு அண்ணாச்சி, தூக்கிப் போட்டுடலாமா?" என்று கேட்கிறார்கள். விதையிலிருந்து வளர்ந்து முதல் பூ பூக்க ஐந்தாறு ஆண்டுகள்கூட எடுக்கும் செடி இது. ஒரே இரவுப் பனிக்காக அதைக் குப்பையில் போடலாமா?

பனி செய்யும் வேலை

நமது பொட்டிப்புரத்தில் மார்கழிப் பனி உண்டு, உறைபனி கிடையாது. மேலே மூணாறு, கொடைக்கானல், ஊட்டி பக்கம் நிலைமை வேறு. 2019 ஜனவரியில் மூணாறில் பல நாட்கள் வெப்பநிலை பூஜ்யத்துக்குக் கீழே போய், தேயிலைச் செடிகள் கருகின.

மேகமும் காற்றும் இல்லாத இரவில் தரையின் சூடு வானத்துக்குப் போய்விடும். குளிர்ந்த காற்று கனமானது; அது பள்ளத்தில் போய்த் தேங்கும். அதனால்தான் ஒரே தோட்டத்தில் மேட்டுச் செடி தப்பும், பள்ளத்துச் செடி கருகும். இலைக்குள் இருக்கும் நீர் உறைந்து, அதன் நுண்ணறைகள் கிழிகின்றன. பனி உருகியதும் இலை வெந்த கீரை போலத் துவண்டு, பிறகு பழுப்பாகவும் கறுப்பாகவும் மாறும்.

முதல் நாள்

பதற்றத்தில் சிலர் வெந்நீர் ஊற்றுகிறார்கள். சிலர் வெயிலில் கொண்டுபோய் வைக்கிறார்கள். இரண்டும் கெடுதல். வேகமாக உருகினால் சேதம் கூடும். தொட்டியைப் பனி படாத, நேர் வெயில் விழாத, காற்றோட்டமுள்ள நிழலில் வையுங்கள். குருத்தில் தண்ணீர் தேங்கவிடக் கூடாது. உரம் அறவே வேண்டாம்.

அன்றே கத்தியை எடுக்காதீர்கள். எது செத்தது, எது பிழைத்தது என்று தெரிய இரண்டு மூன்று வாரம் ஆகலாம். பாதி கருகிய இலையின் பச்சைப் பகுதிதான் செடிக்கு அப்போது சோறு போடுகிறது. ஆனால் கொழகொழவென்று அழுகி நாற்றம் அடிக்கும் பகுதியை உடனே நீக்க வேண்டும். விட்டால் அழுகல் அடிவரை இறங்கும்.

நம் கடையிலேயே உள்ள மருந்து

வெட்டும் கத்தியை நெருப்பில் காட்டி, ஆறியபின் பயன்படுத்துங்கள். கருகலைத் தாண்டி, நல்ல பச்சைப் பகுதி சிறிது சேர்த்தே வெட்ட வேண்டும். வெட்டுவாயில் பட்டைப் பொடி தடவுங்கள். கறிக்குப் போடும் அதே பட்டைதான். பூஞ்சணம் பிடிக்காமல் தடுக்கும், காயத்தை உலர்த்தும். வேரில் மட்டும் பட்டைப் பொடி படக் கூடாது. நல்ல வேரையும் உலர்த்திவிடும்.

பிறகு வேரைப் பாருங்கள். விரலால் அழுத்தும்போது கெட்டியாக இருந்தால் உயிர் இருக்கிறது. கூழாக நசுங்கினாலோ, உள்ளே ஒன்றுமில்லாமல் நூலாக உரிந்தாலோ, அதை வெட்டிவிட வேண்டியதுதான். வேர் அழுகியிருந்தால் பழைய கலவையைக் கொட்டிவிட்டு, அலசிய தேங்காய்மட்டைத் துண்டு, அடுப்புக்கரி, ஓட்டாஞ்சில்லு கலந்து புதிதாக நடலாம். வெறும் மண் கூடாது.

சிம்பிடியம் போன்ற வகைகளில் அடித்தண்டு வெங்காயம் போலப் பருத்திருக்கும். நீரும் உணவும் அதில்தான் சேமிப்பு. இலை முழுதும் போனாலும், அந்தக் குமிழ் கெட்டியாக இருந்தால் அடியிலிருந்து புதிய முளை வரும். பெலனாப்சிஸ் வகைக்கு அந்தச் சேமிப்பு இல்லை, குருத்தும் ஒன்றே. குருத்து அழுகினால் பிழைப்பது கடினம். அபூர்வமாக அடியில் பக்கக் கன்று விடும். வெனிலாக் கொடியில் கருகாத கணுக்கள் மிஞ்சியிருந்தால், அந்தத் துண்டை நட்டு வேர் பிடிக்க வைக்கலாம்.

கலவை காய்ந்த பிறகே தண்ணீர், அதுவும் காலையில். இலை குறைந்த செடிக்கு நீர்த்தேவையும் குறைவு. குளிரில் செத்த செடிகளைவிட, பரிதாபப்பட்டு ஊற்றிய தண்ணீரில் செத்தவை அதிகம் என்றுகூடச் சொல்லலாம். புது வேர் நுனி பச்சையாகத் தெரிந்த பிறகு, மிகக் குறைந்த அளவில் உரம் தொடங்கலாம். அடுத்த ஆண்டே பூவை எதிர்பார்க்க வேண்டாம். முதலில் உடம்பு தேறட்டும்.

வருமுன் காக்க

வானம் தெளிந்து காற்று அடங்கிய மாலையில் தொட்டிகளைத் தாழ்வாரத்துக்குள் எடுத்து வையுங்கள். முடியாவிட்டால் குச்சி நட்டு, இலையில் படாமல் காலிச் சாக்கைப் போர்த்தி, காலையில் எடுத்துவிடுங்கள். கடையில் சாக்குக்கா பஞ்சம்?

இன்னொன்று: கருகியதற்குப் பதிலாகக் காட்டு மரத்திலிருந்து புதிய செடியைப் பெயர்த்து வர நினைக்காதீர்கள். காப்புக்காட்டில் அனுமதியின்றி எடுப்பது குற்றம். நர்சரியில் வாங்குங்கள்.

மூட்டையின் மேல்வாய் நனைந்தால் மூட்டையையே நாம் கொட்டிவிடுவதில்லை. பிரித்துப் பார்த்து, கெட்டதை ஒதுக்கி, நல்லதை உலர்த்துகிறோம். செடிக்கும் அதே கணக்குதான். மலையிலிருந்து வரும் வாடிக்கையாளர் கேட்டால் இதைச் சொல்லுங்கள். ஐந்து வருட உழைப்பு ஒன்று பிழைக்கும்.