கையெழுத்துக் குறைபாட்டிற்கான தொழில்வழிச் சிகிச்சை

கையெழுத்துக் குறைபாட்டிற்கான தொழில்வழிச் சிகிச்சை என்பது, எழுதுவதில் இடர்ப்படும் பள்ளிக் குழந்தைகளுக்கு ஆக்குபேஷனல் தெரபி வல்லுநர்கள் அளிக்கும் பயிற்சியாகும். இங்குத் தொழில் என்னும் சொல் பிழைப்புக்கான வேலையைக் குறிப்பதன்று. உண்ணுதல், உடுத்துதல், விளையாடுதல், எழுதுதல் என ஒருவர் அன்றாடம் செய்யும் செயல்கள் அனைத்தையும் அது குறிக்கும். இந்தப் பயிற்சியை எவ்வாறு அளிப்பது என்பதில் நெடுநாளாக இரு வேறு கருத்துகள் இருந்துவந்தன. 2006 முதல் வெளிவந்த ஆய்வுகள் இவ்விவாதத்திற்குப் பெருமளவு விடை கூறியுள்ளன.

குறைபாட்டின் தன்மை

எழுத்தின் அளவு ஒழுங்கின்றி இருத்தல், சொற்களுக்கு இடையே இடம் விடாமை, கோட்டை விட்டு விலகுதல், பென்சிலை மிக அழுத்திப் பிடித்தல், சில வரிகளிலேயே கை வலித்தல் ஆகியன இதன் அடையாளங்கள். மெக்ஹேல், செர்மாக் ஆகிய இருவரும் 1992இல் அமெரிக்கத் தொடக்கப் பள்ளி வகுப்புகளை உற்றுநோக்கினர். பள்ளி நாளில் 31 முதல் 60 விழுக்காடு நேரம் கைவிரல்களால் செய்யும் நுண்வேலைகளில் கழிவதையும், அவற்றுள் பெரும்பகுதி எழுத்து வேலையாக இருப்பதையும் அவர்கள் கண்டனர். ஆகவே எழுத இயலாத குழந்தை ஒரு பாடத்தில் மட்டும் பின்தங்குவதில்லை. எழுத்தின் வடிவத்தைப் பற்றியே எண்ணிக்கொண்டிருப்பதால், என்ன எழுதுவது என்று சிந்திக்க அதற்கு இடமிருப்பதில்லை. விடை தெரிந்தும் மதிப்பெண் குறைகிறது. 'சோம்பேறி', 'அக்கறையில்லாதவன்' என்ற பெயரும் சேர்ந்துவிடுகிறது. வகுப்பறைகளில் மிகச் சாதாரணமாக நிகழும் அநீதி இது. இயக்க ஒருங்கிணைவுக் குறைபாடு, கவனக்குறைவு, எழுத்துக் கற்றல் குறைபாடு எனக் காரணங்கள் பலவாக இருக்கலாம்.

இரு அணுகுமுறைகள்

அமெரிக்கத் தொழில்வழிச் சிகிச்சை வல்லுநரும் உளவியலாளருமான ஏ. ஜீன் அயர்ஸ் (1920–1988), புலன் ஒருங்கிணைப்புக் கோட்பாட்டை உருவாக்கினார். தொடுதல், சமநிலை, தசை மூட்டுகளின் உணர்வு ஆகியவற்றை மூளை சரியாகக் கையாளாதபோது கற்றலும் பாதிக்கப்படுகிறது என்பது அவரது கருத்து. இது பற்றிய அவரது முதன்மை நூல் 1972இல் வெளிவந்தது. இதன் தாக்கத்தால், எழுத்துக்கு அடிப்படையான திறன்களை முதலில் வளர்த்தால் எழுத்து தானே சீராகும் என்ற எண்ணம் பரவியது. களிமண் பிசைதல், மணி கோத்தல், மணலில் விரலால் வரைதல், ஊஞ்சலாடுதல் போன்றவை பயிற்சிகளாயின. குழந்தைகள் இவற்றை விரும்பிச் செய்வர் என்பதில் ஐயமில்லை.

மற்றொரு சாரார், எழுத வராத குழந்தைக்கு எழுதத்தான் கற்பிக்க வேண்டும் என்றனர்.

டென்டன் ஆய்வு

பெக்கி டென்டன், சூசன் கோப், கிறிஸ்டின் மோசர் ஆகியோர் 2006இல் இரு முறைகளையும் நேருக்கு நேர் ஒப்பிட்டனர். எழுத்துக் குறைபாடுள்ள, 6 முதல் 11 வயது வரையிலான 38 குழந்தைகள் மூன்று குழுக்களாகப் பிரிக்கப்பட்டனர். ஒரு குழுவுக்குப் புலன் இயக்கப் பயிற்சி. மற்றொன்றுக்கு நேரடி எழுத்துப் பயிற்சி. மூன்றாவதற்குப் பயிற்சி ஏதுமில்லை. பயிற்சி வாரம் நான்கு முறை வீதம் ஐந்து வாரங்கள் நடந்தது.

எழுதிப் பழகிய குழுவின் கையெழுத்து ஓரளவு முன்னேறியது. புலன் இயக்கப் பயிற்சி பெற்றவர்களிடம் சில அடிப்படைத் திறன்கள் வளர்ந்தன. ஆனால் அவர்களது கையெழுத்து முன்னைவிட மோசமாயிற்று. விரல் திறன் கூடியும் எழுத்து சீராகவில்லை என்பதே இம்முடிவின் முக்கியத்துவம். மணி கோத்துப் பழகிய கை மணி கோப்பதில்தான் தேறும். திறன்கள் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு எளிதில் தாவுவதில்லை. குழு சிறியது என்பதால் இந்த ஓர் ஆய்வை மட்டும் கொண்டு முடிவுகட்ட இயலாது.

தொகுப்பாய்வுகள்

கனடாவின் ஹோய், ஈகன், ஃபெடர் ஆகியோர் 2011இல் 11 ஆய்வுகளைத் தொகுத்து ஆராய்ந்தனர். எழுத்துப் பயிற்சி இடம்பெறாத முறைகளும், 20 அமர்வுகளுக்குக் குறைவான எழுத்துப் பயிற்சியும் பயன் தரவில்லை என அவர்கள் கண்டனர். பத்து அமர்வுகளில் பலனில்லை என்று பயிற்சியைக் கைவிடும் பெற்றோர் இந்த எண்ணை மனத்தில் கொள்ளலாம்.

ஆஸ்திரேலியாவின் அயோனா நோவாக், இங்ரிட் ஹோனன் ஆகியோரின் 2019ஆம் ஆண்டுத் தொகுப்பு, குழந்தைகளுக்கான தொழில்வழிச் சிகிச்சை முழுவதையும் 129 கட்டுரைகளின் துணையுடன் மதிப்பிட்டது. போக்குவரத்து விளக்கைப் போலப் பச்சை, மஞ்சள், சிவப்பு எனத் தரம் பிரித்தது. மதிப்பிடப்பட்ட 135 பயன்பாடுகளுள் 40 மட்டுமே பச்சை பெற்றன. குறிப்பிட்ட செயலை நேரடியாகப் பழக்கும் கையெழுத்துப் பயிற்சி அவற்றுள் ஒன்று. பெற்றோர் வழி நடத்தும் வீட்டுப் பயிற்சியும் ஒன்று. புலன் சார்ந்த சிகிச்சைகளைப் பொறுத்தவரை, அமெரிக்கக் குழந்தை மருத்துவ அகாதமி 2012இலேயே, சான்றுகள் குறைவாகவும் உறுதியற்றும் உள்ளதைப் பெற்றோரிடம் சொல்ல வேண்டும் என அறிவுறுத்தியிருந்தது.

கல்வியும் இந்தியச் சூழலும்

உலகத் தொழில்வழிச் சிகிச்சையாளர் கூட்டமைப்பின் நெறிகளின்படி, மாணவர் குறைந்தது 1000 மணி நேரம் களப்பயிற்சி பெற வேண்டும். இந்தியாவில் இக்கல்வியை 1950இல் மும்பையில் தொடங்கியவர் கமலா நிம்ப்கர். தமிழ்நாட்டில் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி உள்ளிட்ட நிறுவனங்களில் இளநிலைப் படிப்பு உள்ளது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016, எழுத்துக் கற்றல் குறைபாட்டையும் குறிப்பிட்ட கற்றல் குறைபாடுகளுள் ஒன்றாக ஏற்கிறது.

டென்டன் ஆய்வு ஆங்கில எழுத்தைக் கொண்டு நடத்தப்பட்டது. 26 எழுத்துகளுக்கு வகுத்த அளவுகோலை, சுழிகளும் கொம்புகளும் கொண்ட 247 எழுத்துகளுக்கு அப்படியே பொருத்த இயலாது. ண, ன வேறுபாடு சுழியின் எண்ணிக்கையில் இருக்கிறது; கி, கீ வேறுபாடு மேலுள்ள சிறு வளைவில் இருக்கிறது. எனவே தமிழ் எழுதும் குழந்தைக்கான பயிற்சியைத் தமிழ் எழுத்துகளிலேயே, ட, ப, ம போன்ற எளிய வடிவங்களில் தொடங்கி அமைக்க வேண்டியுள்ளது.