வேலையை விடாமல் எழுத்தைப் படிக்கலாம்

கதை, கவிதை எழுதுவதற்கென்று முதுகலைப் பட்டம் தருவதை ஒரு பெரிய கல்வித் துறையாகவே வளர்த்த நாடு அமெரிக்கா. 1936-ல் ஐயோவா பல்கலைக்கழகத்தில் உருவான எழுத்தாளர் பட்டறைதான் பின்னால் வந்த பல துறைகளுக்கு முன்மாதிரி. ஆனால் அங்கே படிக்க வேண்டுமென்றால் குறைந்தது இரண்டு ஆண்டு அந்த ஊரில் போய்த் தங்க வேண்டும். கைக்குழந்தை உள்ள தாய்க்கும், சம்பளத்தை நம்பி ஒரு குடும்பம் இருக்கிறவருக்கும் அந்தக் கதவு திறக்கவில்லை. 1976-ல் வெர்மாண்ட் மாநிலத்தின் பிளெயின்ஃபீல்ட் என்ற சிற்றூரில் இருந்த காடர்ட் கல்லூரியில், கவிஞர் எலன் பிரையன்ட் வாய்ட் வேறொரு ஏற்பாட்டைத் தொடங்கினார். ஆண்டுக்கு இரண்டு முறை மட்டும் கல்லூரிக்கு வந்து சில நாள் தங்கினால் போதும். மற்ற மாதங்களில் அவரவர் வீட்டிலிருந்தபடி எழுதி, ஆசிரியருக்குத் தபாலில் அனுப்பிப் பதில் பெற வேண்டும். 'லோ ரெசிடென்ஸி எம்.எஃப்.ஏ.' என்று இன்று அழைக்கப்படும் படிப்பின் தொடக்கம் அது. 1981-ல் அந்தப் படிப்பு வட கரோலினாவில் உள்ள வாரன் வில்சன் கல்லூரிக்கு இடம் மாறியது. 1994-ல் பென்னிங்டன் கல்லூரியும் இதே முறையில் ஒரு படிப்பைத் தொடங்கியது. இன்று அமெரிக்காவில் பல பத்துக் கல்லூரிகள் இதை நடத்துகின்றன.

முழுநேரம் படிக்க வசதி இல்லாதவர்களுக்கான மாற்று ஏற்பாடு, அதனால் ஒரு படி கீழானது என்று இதைக் கருதுபவர்கள் உண்டு. நான் அப்படி நினைக்கவில்லை. எழுத்தில் சொல்லித்தர முடிந்தது எதுவோ, அதைச் சொல்லித்தர இந்த முறைதான் கூடுதல் பொருத்தமானது என்பது என் முடிவு. அது ஏன் என்று புரிய, படிப்பு நடக்கும் விதத்தைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்க வேண்டும்.

வாரன் வில்சனில் ஒவ்வொரு பருவமும் ஜனவரியிலோ ஜூலையிலோ பத்து நாள் முகாமோடு தொடங்குகிறது. காலையில் விரிவுரை, பகலில் ஒருவர் எழுத்தை மற்றவர்கள் கூடி விவாதிக்கும் பட்டறை, இரவில் வாசிப்பு என்று அந்த நாட்கள் போகும். முகாம் முடிவதற்குள் ஒவ்வொரு மாணவருக்கும் ஓர் ஆசிரியர் அமைந்துவிடுவார். அந்த ஆறு மாதத்தில் எதை எழுதுவது, எந்தெந்த நூல்களைப் படிப்பது என்று இருவரும் உட்கார்ந்து திட்டம் போடுகிறார்கள். ஓர் ஆசிரியரின் பொறுப்பில் நான்கைந்து பேருக்கு மேல் இருப்பதில்லை. ஊர் திரும்பிய பிறகு மூன்று வாரத்துக்கு ஒரு முறை மாணவர் ஒரு கட்டு அனுப்ப வேண்டும். மற்றக் கல்லூரிகளில் இது பெரும்பாலும் மாதம் ஒரு முறை. கட்டில் புதிதாக எழுதியதும் திருத்தி எழுதியதும் இருக்கும்; படித்த நூல்களைப் பற்றிய சிறு குறிப்புகள் இருக்கும்; எங்கே தடுமாறினேன் என்று ஆசிரியருக்குச் சொல்லும் கடிதமும் இருக்கும். ஆசிரியர் வரி வரியாகப் படித்து, பல பக்கங்களில் பதில் எழுதுவார். இதற்காக வாரத்துக்கு 25 மணி நேரம் ஒதுக்க வேண்டும் என்று அந்தக் கல்லூரி எதிர்பார்க்கிறது.

அந்தச் சிறு குறிப்புகளில்தான் படிப்பின் உயிர் இருக்கிறது. நூல் பிடித்ததா, அதன் கருத்து என்ன என்றெல்லாம் அதில் எழுத வேண்டியதில்லை. ஒரே ஒரு நுட்பத்தை எடுத்துக்கொண்டு அது எப்படி வேலை செய்கிறது என்று ஆராய வேண்டும். செகாவின் 'நாய்க்காரச் சீமாட்டி' கதையை எடுத்துக்கொள்வோம். யால்டாவில் தான் சந்தித்த பெண்ணிடம் விடைபெற்ற குரோவ் மாஸ்கோ திரும்புகிறான். ஒரு மாதத்தில் அவளை மறந்துவிடுவோம் என்று நினைக்கிறான். மாதம் கடந்தும் மறக்க முடியவில்லை. வாரக்கணக்கான அந்தக் காலத்தைச் செகாவ் சில பத்திகளில் கடத்திவிடுகிறார். எதைச் சுருக்கினார், எந்த இடத்தில் நின்று ஒரு உரையாடலை மட்டும் முழுதாகக் காட்டினார், ஏன் அந்த இடம் என்று இரண்டு மூன்று பக்கம் எழுதிப் பார்க்கிறவர், தன் கதையில் காலம் நகராமல் சிக்கி நிற்கும் இடத்தைத் தானே கண்டுபிடிப்பார். இப்படிப் பல பத்து நூல்களைப் படித்து எழுதி முடித்தவர் எழுத்தாளராகப் படிக்கக் கற்றுக்கொள்கிறார். அந்தத் திறன் பட்டத்தோடு முடிந்துவிடுவதில்லை.

முழுநேரப் பட்டறையில் பத்துப் பன்னிரண்டு பேர் ஒரு மேசையைச் சுற்றி அமர்ந்து ஒருவர் கதையைப் பேசித் தீர்க்கிறார்கள். குரல் ஓங்கியவரின் கருத்து அங்கே எளிதில் வென்றுவிடும். கடிதத்தில் அது நடக்காது. ஆசிரியர் தன் கருத்துக்குப் பக்கத்தைக் காட்டிக் காரணம் சொல்லியாக வேண்டும். மாணவர் அதைப் பத்து முறை திருப்பிப் படிக்கலாம். இன்னொன்றும் உண்டு. வளாகத்தில் கிடைக்கும் ஓய்வு நேரம் பட்டம் வாங்கியதும் போய்விடும், எழுதும் பழக்கமும் அதோடு போய்விடும் ஆபத்து இருக்கிறது. அலுவலகத்துக்கும் சமையலுக்கும் நடுவே எழுதிப் பழகியவருக்குப் படிப்பு முடிந்த மறுநாளும் அதே வாழ்க்கைதான், அதே நேரம்தான்.

இப்படிப் படித்தவர்களைப் பார்த்தாலே இது தெரியும். வாலி லாம்ப் கனெக்டிகட்டில் பள்ளி ஆசிரியராக இருந்துகொண்டே வெர்மாண்ட் கல்லூரியில் படித்தார். 1992-ல் முதல் நாவலை வெளியிட்டார். மென்பொருள் துறையில் பணியாற்றிய டேவிட் ராப்லெவ்ஸ்கி வாரன் வில்சனில் படித்தவர். 2008-ல் வெளிவந்த அவரது முதல் நாவலை ஓப்ரா வின்ஃப்ரே தன் வாசகர் வட்டத்துக்குத் தேர்ந்தெடுத்தார். 16 வயதில் கார் பறிப்புக் குற்றத்துக்காகக் கைதாகி, எட்டு ஆண்டுக்கும் மேல் சிறையில் இருந்த ரெஜினால்ட் டுவேன் பெட்ஸும் வாரன் வில்சனில்தான் பட்டம் பெற்றார். கவிஞராகவும் வழக்கறிஞராகவும் ஆகி, 2021-ல் மக்கார்தர் நல்கையும் பெற்றார். நியூ மெக்ஸிகோவின் சாண்டா ஃபேயில் உள்ள அமெரிக்க இந்தியக் கலைகள் கல்லூரி 2013-ல் இதே முறையில் ஒரு படிப்பைத் தொடங்கியது. தொல்குடி மாணவர்கள் தங்கள் மக்களை விட்டுப் பிரியாமல் எழுதிப் படிக்க அது வழி செய்தது. அங்கே படித்த டாமி ஆரஞ்ச், ஓக்லாந்து நகரத்துத் தொல்குடியினரைப் பற்றி எழுதிய 'தேர் தேர்' நாவல் 2018-ல் வெளிவந்து, புலிட்சர் பரிசின் இறுதிப் பட்டியலை எட்டியது. இவர்கள் எந்த வாழ்க்கையிலிருந்து எழுதினார்களோ, அதை விட்டுவிட்டு வரச் சொல்லியிருந்தால் இழப்பு இலக்கியத்துக்குத்தான்.

எழுத்தைக் கற்றுத்தர முடியுமா என்று கேட்பவர்கள் உண்டு. கற்பனையைக் கற்றுத்தர முடியாது என்பது உண்மை. ஆனால் குரல் வளம் பிறவியிலேயே இருந்தாலும் பாடகர் குருவிடம் உட்கார்ந்து சாதகம் செய்கிறார்; எழுதியதைத் திருத்துவதும் கூர்ந்து படிப்பதும் அப்படிப் பழகிக்கொள்ள வேண்டியவை. பட்டப்படிப்பு எல்லோரையும் ஒரே மாதிரி எழுத வைத்துவிடும் என்பது இன்னொரு குற்றச்சாட்டு. அதில் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. ஆனால் பருவத்துக்கு ஓர் ஆசிரியர் மாறி, நான்கு பேர் நான்கு விதமாகப் படித்துச் சொல்லும்போது யாருடைய நடையும் மாணவர் மீது ஏறி உட்கார்ந்துவிடுவதில்லை.

வலுவான ஆட்சேபம் பணம்தான். அதற்கு என்னிடம் சமாதானம் இல்லை. ஐயோவா போன்ற முழுநேரத் துறைகள் நிதியுதவியோ கற்பிக்கும் வேலையோ தருகின்றன. இந்தப் படிப்பில் பகுதி உதவித்தொகை கிடைத்தாலே பெரிது. பல கல்லூரிகளில் மொத்தக் கட்டணம் 40,000 டாலரை எட்டுகிறது, தாண்டவும் செய்கிறது. பட்டம் வாங்கினால் பேராசிரியர் வேலை நிச்சயம் என்றும் சொல்வதற்கில்லை. கல்லூரிகளும் நிலையாக நிற்பதில்லை. ஆசிய எழுத்தை மையமாக வைத்து ஹாங்காங் நகரப் பல்கலைக்கழகம் 2010-ல் தொடங்கிய படிப்பை 2015-ல் மூட முடிவெடுத்தது. இந்த முறை பிறந்த காடர்ட் கல்லூரியே 2024-ல் மூடப்பட்டது. ஆகவே கடன் வாங்கிச் சேராதீர்கள் என்றே சொல்வேன்.

ஆனால் கட்டணம் கல்லூரிக்குத்தான், முறைக்குக் கட்டணம் கிடையாது. கவனமாகப் படிக்கும் ஒரு வாசகர், தவறாத தேதி, படித்த நூலைப் பற்றி எழுதியே தீர வேண்டிய குறிப்பு ஆகிய மூன்றும் எந்த ஊரிலும் அமையக்கூடியவை. தமிழில் இலக்கிய முகாம்கள் நடக்கின்றன, பட்டறைகளும் நடக்கின்றன. பெரும்பாலும் அவை இரண்டு மூன்று நாளில் முடிந்து, எல்லோரும் கலைந்துவிடுகிறார்கள். முகாம் முடிந்த பிறகு ஆறு மாதத்துக்கு மூன்று இளைஞர்களின் எழுத்தை மாதந்தோறும் படித்துப் பதில் எழுத ஒரு மூத்த எழுத்தாளர் முன்வரட்டும். அவர் செலவிடும் நேரத்துக்கு ஒரு பதிப்பகமோ இலக்கிய அமைப்போ உரிய ஊதியம் தரட்டும். அமெரிக்காவில் பெரும் பணம் கொடுத்துப் படிக்கும் படிப்பின் சிறந்த பகுதி அப்போது இங்கேயே கிடைத்துவிடும்.