தேதி தெரியாத செலவுகள்

(வானொலிச் சிந்தனை)



புத்தாண்டுத் திருப்பலி முடிந்து வீடு திரும்பும்போது பல குடும்பங்கள் ஒரு தீர்மானம் எடுக்கின்றன. இந்த ஆண்டு எப்படியாவது 36,000 ரூபாய் சேர்த்துவிட வேண்டும், மாதம் 3,000 ரூபாய் எடுத்து வைத்தால் போதும் என்கிறார்கள். சனவரி நன்றாகப் போகிறது. பிப்ரவரியும் போகிறது. மார்ச்சில் பிள்ளைக்குக் காய்ச்சல். மே மாதம் அடுத்தடுத்து இரண்டு கல்யாணம். ஜூனில் பள்ளிக்கூடம் திறக்கிறது. ஆகஸ்டு வரும்போது வீட்டில் யாரும் அந்தத் தீர்மானத்தைப் பற்றிப் பேசுவதே இல்லை. கேட்டால், “நம்ம கையில காசு தங்காது” என்பார்கள்.

இதில் கவலைப்பட வேண்டியது, சேராத பணம் மட்டும் அல்ல. நம்மால் முடியாது என்ற எண்ணம் மனத்தில் குடியேறிவிடுகிறதே, அதுதான் பெரிய நட்டம். அந்தக் குடும்பம் அடுத்த ஆண்டு முயல்வதே இல்லை. அவசரம் வந்தால் வட்டிக்காரர் வீட்டு வாசல்தான்.

இந்தக் குடும்பங்கள் ஊதாரிக் குடும்பங்களா? பெரும்பாலும் இல்லை. அவர்கள் போட்ட கணக்கில் ஒரு வரி விடுபட்டிருக்கிறது, அவ்வளவுதான். எதிர்பாராத செலவு என்று நாம் சொல்கிற செலவுகளில் பெரும்பாலானவை எதிர்பார்க்கக்கூடியவையே. அவை வரும் என்பது நமக்குத் தெரியும். எந்தத் தேதியில் வரும் என்பதுதான் தெரியாது.

யோசித்துப் பாருங்கள். சின்னப் பிள்ளைகள் உள்ள வீட்டில் ஓர் ஆண்டு முழுக்க ஒருவருக்கும் காய்ச்சல் வராமல் இருக்குமா? பத்து வருடம் ஓடிய மிக்ஸி பழுதாகாதா? வண்டிக்கு டயர் தேயாதா? சொந்தத்தில் ஒரு கல்யாணமோ, ஒரு சாவோ இல்லாத ஆண்டு உண்டா? மொய்யை எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் வீட்டு விசேஷத்தில் யார் யார் எவ்வளவு எழுதினார்கள் என்பது அலமாரியில் இருக்கிற மொய் நோட்டில் வரிசையாக இருக்கிறது. அவர்கள் வீட்டில் கல்யாண வயதில் பிள்ளைகள் இருப்பதும் உங்களுக்குத் தெரியும். ஆகவே அது ஒருநாள் திருப்பிக் கொடுக்க வேண்டிய தொகை. பத்திரிகை வந்த அன்று திகைக்க அதில் என்ன இருக்கிறது?

எனவே முதல் வேலை, போன ஆண்டைத் திரும்பிப் பார்ப்பது. கணவனும் மனைவியும் ஒரு மாலை உட்கார்ந்து, மாதாந்தரச் செலவில் சேராமல் போன ஆண்டு எதற்கெல்லாம் பணம் போனது என்று ஒரு தாளில் எழுதுங்கள். எடுத்துக்காட்டாக, ஒரு வீட்டில் இப்படி இருக்கலாம்: மருத்துவச் செலவு 4,200, வண்டிக்கு 3,500, மொய் 6,000, ஒரு துக்கத்துக்குப் போய்வந்தது 2,800, மிக்ஸி பழுது 1,500, தண்ணீர்க் குழாய் வேலை 2,000. கூட்டினால் 20,000 ரூபாய். பன்னிரண்டால் வகுத்தால் மாதம் ஏறக்குறைய 1,700 ரூபாய். இதுதான் விடுபட்டுப்போன வரி. வாடகை போல, பால் கணக்கு போல, இதுவும் அந்த வீட்டின் மாதச் செலவுதான்.

இப்போது அந்த வீட்டில் எவ்வளவு முயன்றாலும் மாதம் 3,500 ரூபாய்தான் ஒதுக்க முடியும் என்று வைத்துக்கொள்வோம். அதில் 1,700 ரூபாய் தேதி தெரியாத செலவுக்குப் போனால், இலக்குக்கு மிஞ்சுவது 1,800. ஆண்டுக்கு 21,600 ரூபாய். 36,000 என்று சொல்லிவிட்டு 21,600 என்று குறைத்துக்கொள்வது மனத்துக்குக் கசப்பாகத்தான் இருக்கும். ஆனால் இதுதான் அந்த வீட்டுக்கு உண்மையான இலக்கு. கோபுரம் கட்ட விரும்புகிறவர் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்கிட மாட்டாரா என்று லூக்கா நற்செய்தி 14ஆம் அதிகாரத்தில் ஆண்டவர் கேட்பது நமக்குத் தெரியும். அடித்தளத்தோடு நின்றுபோன பெரிய கோபுரத்தைவிட, கூரை போட்டு முடித்த சிறிய வீட்டில்தான் குடும்பம் குடியிருக்க முடியும்.

அடுத்து, இந்த இரண்டு பணமும் ஒரே இடத்தில் இருக்கக்கூடாது. தேதி தெரியாத செலவுக்கான பணம், நினைத்த நேரத்தில் எடுக்கக்கூடிய சாதாரணச் சேமிப்புக் கணக்கில் இருக்கட்டும். வங்கியோ அஞ்சலகமோ, எது பக்கமோ அது. இலக்குப் பணம் சற்று எட்டாத இடத்தில் இருக்கட்டும். வங்கியில் பன்னிரண்டு மாதத் தொடர் வைப்பு, அதாவது ஆர்.டி., இதற்குப் பொருத்தம். அஞ்சலகத்திலும் மாதம் 100 ரூபாயிலிருந்து ஆர்.டி. கட்டலாம், ஆனால் அது ஐந்து ஆண்டுத் திட்டம். பெரிய இலக்குக்கு அது நல்லது, ஓராண்டு இலக்குக்கு வங்கியே வசதி.

நகைக்கடைச் சீட்டைப் பலர் சேமிப்பு என்று நினைக்கிறார்கள். தங்கம் வாங்குவதற்கு அது ஒரு வழியாக இருக்கலாம். ஆனால் நடுராத்திரி மருத்துவமனையில் கட்ட அங்கிருந்து பணம் வராது. ஏலச்சீட்டு போடுகிறவர்கள், அது 1982ஆம் ஆண்டுச் சிட்பண்டுச் சட்டப்படி பதிவானதா என்று கேட்டுவிட்டுச் சேருங்கள். தெரிந்தவர் நடத்துகிறார் என்பது பதிவுச் சான்றிதழ் ஆகாது.

சரி, இவ்வளவு செய்தும் பெரிய செலவொன்று வந்துவிட்டால்? அதே வீட்டுக் கணக்கையே பார்ப்போம். ஆகஸ்டு முடிய எட்டு மாதத்தில் தேதி தெரியாத செலவுக் கணக்கில் 13,600 ரூபாய் போட்டிருக்கிறார்கள். அதில் மருத்துவத்துக்கும் மொய்க்கும் 7,600 போய், மீதி 6,000 இருக்கிறது. திடீரென்று 9,000 ரூபாய்ச் செலவு வந்து நிற்கிறது. 3,000 ரூபாய் குறைகிறது.

இந்த இடத்தில்தான் பல குடும்பங்கள் தடம் மாறுகின்றன. சேமிப்பைத் தொடக்கூடாது என்று வீம்பாக நின்று, வெளியே வட்டிக்கு வாங்குகிறார்கள். ஐந்து வட்டிக்கு 3,000 ரூபாய் வாங்கினால் மாதம் 150 ரூபாய் வட்டி. ஓர் ஆண்டுக்கு 1,800 ரூபாய். அதாவது ஒரு மாதம் முழுக்கச் சேர்த்த இலக்குப் பணம் வட்டிக்கே போய்விடுகிறது. முதல் அப்படியே நிற்கிறது. எந்த வங்கிச் சேமிப்பும் ஆண்டுக்கு நூற்றுக்கு அறுபது வட்டி தராது. ஆகவே வீட்டில் சேமிப்பு இருக்கும்போது வெளிவட்டிக்கு வாங்குவது நட்டக் கணக்கு. இலக்குப் பணத்திலிருந்து எடுங்கள், தவறே இல்லை. ஆர்.டி.யில் இருந்தால், அதை முடிக்காமலே அதன்பேரில் அந்த வங்கியிலேயே கடன் கேட்கலாம். அந்த வட்டி வெளிவட்டியைவிடப் பல மடங்கு குறைவு.

எடுத்த பிறகு செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று. அடுத்த மாதம் மறுபடி போடுங்கள். மீதமுள்ள நான்கு மாதமும் 750 ரூபாய் கூடுதலாகப் போட முடிந்தால் பழைய இலக்கே கிடைக்கும். முடியாவிட்டால், வழக்கம்போல் 1,800 போட்டுக்கொண்டே வாருங்கள். டிசம்பரில் கையில் 18,600 ரூபாய் இருக்கும், கடன் இருக்காது. இதைத் தோல்வி என்று யார் சொல்வார்கள்? செலவு வந்ததால் கெட்டுப்போன சேமிப்புகள் குறைவு. செலவு வந்த மாதத்தோடு விட்டுவிட்டதால் கெட்டவையே அதிகம்.

மாதச் சம்பளம் இல்லாதவர்கள் என்ன செய்வது என்று கேட்பீர்கள். நம் கடற்கரைக் குடும்பங்களைப் பாருங்கள். கிழக்குக் கரையில் விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை. படகு கரையில் நிற்கும் நேரத்தில்தான் பள்ளிக்கூடம் திறக்கிறது. மேற்குக் கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. இதற்குத் தேதியே தெரியும். ஏழு செழிப்பான ஆண்டுகளில் விளைச்சலில் ஐந்தில் ஒரு பங்கை எகிப்தில் யோசேப்பு சேர்க்கச் சொன்னது இப்படிப்பட்ட காலத்துக்குத்தான். நன்றாகப் பாடு கிடைத்த நாளில், செலவுக்கு எடுப்பதற்கு முன்பே ஒரு பங்கை ஒதுக்குங்கள். பாடு இல்லாத நாளில் ஒன்றும் போட வேண்டாம். தமிழ்நாட்டில் மீனவர் சேமிப்பு மற்றும் நிவாரணத் திட்டத்தில் மீனவரோ மீனவப் பெண்ணோ 1,500 ரூபாய் செலுத்தினால், அரசு 3,000 ரூபாய் சேர்த்து 4,500 ரூபாயாகத் தொழில் குறைந்த மாதங்களில் தருகிறது. மீனவர் கூட்டுறவுச் சங்கத்தில் கேளுங்கள். கொத்தனார், ஆட்டோ ஓட்டுநர், தையல் வேலை செய்பவர் எல்லாருக்கும் இதே முறைதான்: தேதியை வைத்துச் சேர்க்காமல் வரவை வைத்துச் சேர்ப்பது.

சேமிப்பால் தாங்க முடியாத செலவும் உண்டு. பெரிய அறுவைச் சிகிச்சைக்கு மாதம் 1,700 ரூபாய் எந்த மூலைக்கு? அதற்குத்தான் காப்பீடு. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பங்களுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில், பட்டியலில் உள்ள சிகிச்சைகளுக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை உதவி உண்டு. அட்டை இருக்கிறதா, குடும்பத்தில் எல்லார் பெயரும் அதில் இருக்கிறதா என்று இப்போதே பாருங்கள். நோய் வந்த இரவில் தேடுகிற பொருள் அல்ல அது.

கடைசியாக ஒன்று. வீட்டில் ஒருவர் சேர்த்து மற்றவர் அறியாமல் இருந்தால் அது நிலைக்காது. கணக்கு எல்லார் கண்ணுக்கும் தெரியட்டும். பிள்ளைகளுக்கும் சொல்லுங்கள். தவக்கால உண்டியலில் நாற்பது நாள் காசு போட்டுப் பழகிய பிள்ளைகளுக்குச் சேமிப்பு என்றால் என்ன என்று புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. அந்த உண்டியல் அடுத்தவர் பசிக்காக. வீட்டுச் சேமிப்பும், அடுத்தவர் வாசலில் நாம் கைநீட்டி நிற்காமலும், நம் வாசலில் வந்து நிற்பவரை வெறுங்கையோடு அனுப்பாமலும் இருப்பதற்காக.

ஆண்டின் எந்த மாதமாக இருந்தாலும் தொடங்கலாம். சனவரிக்குக் காத்திருக்க வேண்டாம். இந்த ஞாயிறு மாலை ஒரு தாளும் பேனாவும் எடுத்து, போன ஆண்டின் தேதி தெரியாத செலவுகளை எழுதிக் கூட்டிப் பாருங்கள். அந்தத் தொகையைப் பன்னிரண்டால் வகுங்கள். மீதி வேலை அங்கிருந்து நடக்கும். உங்கள் உழைப்பையும் இல்லத்தையும் இறைவன் ஆசீர்வதிப்பாராக.