திரைவாசிப்பானும் புள்ளியியல் மென்பொருளும்

கணினித் திரையில் உள்ள எழுத்தைக் குரலாகவோ பிரெயில் புள்ளிகளாகவோ மாற்றித் தரும் மென்பொருள் திரைவாசிப்பான். பார்வையற்றவர்கள் கடிதம் எழுதவும் செய்தி படிக்கவும் அதை நிறுவினாலே போதும். புள்ளியியல் வேலைக்கு மட்டும் சில முன்னேற்பாடுகள் வேண்டும். எண் அட்டவணை, கட்டளைக் குறியீடு, வரைபடம் ஆகிய மூன்றையும் வெறும் உரையைப் போல வரிசையாக வாசித்தால் பொருள் விளங்காது.

ஏற்காட்டுக் காபியை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். சேர்வராயன் மலையில் விளையும் அரபிகா காபி, மார்ச், ஏப்ரல் மாதக் கோடை மழையை நம்பிப் பூப்பது. அந்த மழைக்கும் ஆண்டு மகசூலுக்கும் எவ்வளவு தொடர்பு என்பது தோட்டக்காரர்களுக்கு முக்கியமான கேள்வி. ஆண்டு, மழையளவு, மகசூல் என மூன்று பத்திகள் கொண்ட ஒரு கோப்பு இருந்தால் விடை தேடலாம். தேடுபவர் பார்வையற்ற மாணவர் என்றால், கணினியைக் கீழ்க்கண்ட வரிசையில் தயார் செய்ய வேண்டும்.

முதலில் திரைவாசிப்பான். விண்டோஸ் கணினிகளில் என்விடிஏ, ஜாஸ் என்ற இரண்டும் பரவலாக உள்ளன. ஜாஸ் விலை கொடுத்து வாங்க வேண்டியது. என்விடிஏ இலவசம். ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த பார்வையற்ற இளைஞர் மைக்கேல் கரன் 2006இல் அதைத் தொடங்கினார். இன்னொரு பார்வையற்ற இளைஞரான ஜேம்ஸ் டே பின்னர் அவருடன் இணைந்தார். பென் டிரைவிலிருந்தே இயங்கும் என்பதால் கல்லூரி ஆய்வகக் கணினியிலும் பயன்படுத்தலாம். அதனுடன் வரும் ஈஸ்பீக் குரல் தமிழும் பேசும்.

அடுத்தது நிறுத்தற்குறி அமைப்பு. வழக்கமான அமைப்பில் என்விடிஏ அடைப்புக்குறியையும் காற்புள்ளியையும் வாய்விட்டுச் சொல்வதில்லை. கதை கேட்கும்போது அது வசதி. கட்டளை எழுதும்போது ஆபத்து. ஓர் அடைப்புக்குறி விடுபட்டாலும் கட்டளை ஓடாது. ஆகவே குறிகள் அனைத்தையும் வாசிக்கும்படி அமைப்பை மாற்ற வேண்டும். ஒவ்வொரு மென்பொருளுக்கும் தனித்தனி அமைப்பைச் சேமிக்கும் வசதி இருப்பதால், புள்ளியியல் மென்பொருளில் மட்டும் எல்லாக் குறிகளும் ஒலிக்கும். மற்ற இடங்களில் பழைய வாசிப்பே தொடரும்.

மூன்றாவது, மென்பொருள் தேர்வு. சுட்டியால் பொத்தான்களைத் தேடி அழுத்த வேண்டிய மென்பொருளைவிட, தட்டச்சு செய்த கட்டளைக்கு எழுத்தில் விடை தருவதே ஏற்றது. இலவசமாகக் கிடைக்கும் ஆர் மொழி அப்படிப்பட்டது. ஆக்லாந்து பல்கலைக்கழகத்தின் ராஸ் இஹாகாவும் ராபர்ட் ஜென்டில்மேனும் உருவாக்கிய அந்த மொழியின் முதல் முழுப் பதிப்பு 2000இல் வந்தது. ஆர் மொழிக்கான ஆர்ஸ்டுடியோ மென்பொருளில் வேலை செய்பவர்கள், அமைப்புகளில் உள்ள அணுகல்தன்மைப் பக்கத்தில் திரைவாசிப்பான் ஆதரவை இயக்க வேண்டும். எஸ்பிஎஸ்எஸ் என்னும் புள்ளியியல் மென்பொருளின் இடைமுகம் ஜாவா மொழியில் எழுதப்பட்டது. அதைத் திரைவாசிப்பான் படிக்க விண்டோஸில் ஜாவா அக்சஸ் பிரிட்ஜ் இயங்க வேண்டும். அதிலும் பட்டியல்களைத் துழாவாமல் கட்டளைக் கோப்பாக எழுதுவது எளிது.

முடிவுகளைப் படிப்பது அடுத்த கட்டம். முடிவுச் சாளரத்தில் எண்கள் இடைவெளிகளால் மட்டுமே பிரிக்கப்பட்டிருந்தால், எந்த எண் எந்தப் பத்திக்கு உரியது என்று செவிக்குத் தெரியாது. அதே முடிவை இணையப் பக்க வடிவக் கோப்பாக மாற்றினால் அட்டவணை அட்டவணையாகவே இருக்கும். கண்ட்ரோல், ஆல்ட் விசைகளுடன் அம்பு விசையை அழுத்தி ஒவ்வொரு கட்டமாக நகரலாம். நகரும்போது, பத்தித் தலைப்புகள் முறையாகக் குறிக்கப்பட்டிருந்தால், 'மழையளவு' என்ற தலைப்பும் அதன் எண்ணும் சேர்ந்தே ஒலிக்கும். ஆர் கட்டளைகளையும் முடிவுகளையும் சேர்த்து இணையப் பக்கமாக்கும் ஆர் மார்க்டவுன் கோப்பு இந்த வேலைக்குப் பொருத்தமானது.

வரைபடமே கடினமான பகுதி. நியூசிலாந்தின் மாசி பல்கலைக்கழகப் புள்ளியியலாளர் ஜொனதன் காட்ஃப்ரே பார்வையற்றவர். ஆர் மொழிக்காக அவர் முன்னின்று உருவாக்கிய பிரெயில்ஆர் என்னும் தொகுப்பு இதற்கு ஒரு வழி திறந்தது. அதிலுள்ள விஐ என்ற கட்டளையிடம் மழையளவின் நிகழ்வுச் செவ்வகத்தைக் கொடுத்தால், படத்தின் தலைப்பு, அச்சுகளின் பெயர், இடைவெளிகளின் எண்ணிக்கை, ஒவ்வொன்றிலும் அடங்கும் ஆண்டுகளின் எண்ணிக்கை ஆகியவற்றை வாக்கியங்களாக எழுதித் தரும். மழையையும் மகசூலையும் காட்டும் சிதறல் வரைபடத்தின் வடிவத்தை உணர, புள்ளிகளும் கோடுகளும் புடைத்து நிற்கும்படி அச்சிட்டு விரலால் தடவிப் பார்க்கலாம். ஒட்டுறவுக் கெழுவையும் உடன் கணக்கிட்டால் தொடர்பின் வலிமை எண்ணாகக் கிடைக்கும்.

இந்த ஏற்பாடுகளில் மாணவர் செய்யக்கூடியவை பாதி. மீதி ஆசிரியர் கையில் உள்ளது. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், அரசு நிதியோ அங்கீகாரமோ பெற்ற கல்வி நிறுவனங்கள் மாணவரின் தேவைக்கேற்ற வசதிகளைச் செய்து தர வேண்டும் என்கிறது. பாடக் குறிப்பிலுள்ள அட்டவணையைப் படமாக ஒட்டாமல் உண்மையான அட்டவணையாகத் தருவதும், ஒவ்வொரு வரைபடத்துக்கும் இரண்டு வரி விளக்கமும் மூலத் தரவும் சேர்ப்பதும் புள்ளியியல் கற்பிக்கும் ஒவ்வொருவரும் இன்றே தொடங்க வேண்டிய பணிகள்.