பழைய காரின் உடற்கூறு – 11: பிக்கப் எங்கே தொலைகிறது?

கார்புரேட்டர் பொருத்தப்பட்ட பழைய கார் ஒன்று ஆக்ஸிலேட்டரை மிதித்தவுடன் இழுக்காமல் தயங்குகிறது என்றால், எந்த உறுப்பையும் கழற்றுவதற்கு முன் தெரிந்துகொள்ள வேண்டியது, அந்தத் தயக்கம் எந்தக் கணத்தில் தோன்றி எந்தக் கணத்தில் மறைகிறது என்பதாகும். மிதித்த மாத்திரத்தில் ஒரு முறை விக்கிவிட்டு அடுத்த நொடியே சீராக இழுக்கும் வண்டியும், தயக்கமின்றிக் கிளம்பி மேட்டில் ஏறும்போதும் முந்திச் செல்லும்போதும் சோர்ந்துவிடும் வண்டியும், விக்கலோ திணறலோ இல்லாமல் எல்லா வேகத்திலும் மந்தமாகவே ஓடும் வண்டியும் ‘பிக்கப் இல்லை’ என்ற ஒரே புகாருடன்தான் பட்டறைக்கு வருகின்றன. முதல் வகையில் குறை பெரும்பாலும் கார்புரேட்டரின் ஒரு சிறு பகுதியில் இருக்கும். இரண்டாவதில் பெட்ரோல் வந்து சேரும் வழியில் இருக்கும். மூன்றாவதில், பலரும் எதிர்பாராத வகையில், தீப்பொறியை உண்டாக்கும் அமைப்பில் இருக்கும். இப்படிப் பிரித்துப் பார்க்காமல் மூன்றுக்கும் கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவுவது பட்டறைகளில் வேரூன்றிய பழக்கம். கழுவுவதால் தீங்கில்லை என்றாலும், அப்போது கலைந்துபோகும் அளவுகள் பழைய குறையின் மேல் புதிய குறை ஒன்றை ஏற்றிவிடுகின்றன.

இயந்திரத்தைச் சந்தேகிக்கும் முன் பெடலைச் சந்தேகிப்பது செலவில்லாத சோதனை. பழைய கார்களில் பெடலுக்கும் கார்புரேட்டருக்கும் இடையே இருப்பது ஒரு கேபிள் அல்லது சில கம்பிகளும் நெம்புகோல்களும் மட்டுமே. இயந்திரம் அணைந்திருக்கும்போது ஒருவர் பெடலை முழுவதும் மிதிக்க, மற்றொருவர் கார்புரேட்டரில் உள்ள பட்டாம்பூச்சி வால்வு, அதாவது காற்றின் வழியைத் திறந்து மூடும் வட்டத் தகடு, முழுவதும் நிமிர்கிறதா என்று பார்த்தால் போதும். கேபிள் தளர்ந்திருந்தாலும், பெடலின் அடியில் தடித்த தரைவிரிப்பு மடிந்து கிடந்தாலும், மிதிப்பின் முதல் பகுதியோ கடைசிப் பகுதியோ வீணாகிறது. இது சரியாக இருந்தால் அடுத்த கட்டத்துக்குச் செல்லலாம்.

மிதித்த கணத்தில் தோன்றும் விக்கலைப் புரிந்துகொள்ள, காற்றும் பெட்ரோலும் ஒரே வேகத்தில் பயணிப்பதில்லை என்ற அடிப்படையிலிருந்து தொடங்க வேண்டும். ஒரு பங்கு பெட்ரோல் முழுமையாக எரிய எடைக் கணக்கில் ஏறத்தாழ 14.7 பங்கு காற்று தேவை. முழு வலுவுடன் இழுக்க வேண்டிய நேரத்தில் கலவை இதைவிடச் செறிவாக, அதாவது 12.5 அல்லது 13 பங்கு காற்றுக்கு ஒரு பங்கு பெட்ரோல் என்ற அளவில் இருப்பது நல்லது. மெதுவாக ஓடும்போது பட்டாம்பூச்சி வால்வு ஏறக்குறைய மூடியிருப்பதால், அதற்கும் சிலிண்டருக்கும் இடைப்பட்ட இன்டேக் மேனிஃபோல்டு என்னும் குழாய்த் தொகுதியில் காற்றழுத்தம் மிகக் குறைவாக இருக்கிறது. குறைந்த அழுத்தத்தில் பெட்ரோல் எளிதில் ஆவியாகிறது. வால்வு சட்டென்று திறக்கும்போது, எடை குறைந்த காற்று உடனே உள்ளே பாய்ந்துவிட, காற்றைவிடப் பன்மடங்கு கனமான பெட்ரோல் துளிகள் பின்தங்குகின்றன. அதே கணத்தில் மேனிஃபோல்டின் அழுத்தம் உயர்வதால், ஆவியாக மிதந்த பெட்ரோலில் ஒரு பகுதி மீண்டும் துளியாகிக் குழாய்ச் சுவரில் ஈரப்படலமாகப் படிகிறது. இரண்டு காரணங்களும் சேர்ந்து, ஓட்டுநர் கூடுதல் வலுவைக் கேட்கும் அந்தக் கணத்திலேயே சிலிண்டருக்குள் போகும் கலவை பெட்ரோல் குறைந்து வறண்டுவிடுகிறது. எனவே விக்கல் என்பது இயந்திரத்தின் இயல்பான நிலை. விக்காமல் ஓடுவதற்குத்தான் தனி ஏற்பாடு தேவைப்படுகிறது.

அந்த ஏற்பாட்டுக்கு ஆக்ஸிலேட்டர் பம்பு என்று பெயர். த்ராட்டிலின், அதாவது பட்டாம்பூச்சி வால்வின், நெம்புகோலுடன் இணைந்த ஒரு சிறு டயஃப்ரம், அதாவது நெகிழும் சவ்வு, பெடல் அசையும்போது அழுந்தி, தன்னிடம் தேங்கியிருக்கும் பெட்ரோலை ஓர் ஊசித்துளை வழியே கார்புரேட்டரின் தொண்டைக்குள் பீய்ச்சுகிறது. பல கார்புரேட்டர்களில் டயஃப்ரத்துக்குப் பதிலாகத் தோல் வளையமிட்ட பிஸ்டன் இந்த வேலையைச் செய்கிறது. பிரீமியர் பத்மினி, 1983 டிசம்பரில் வெளிவந்து மூன்று சிலிண்டரும் 796 கன சென்டிமீட்டர் கொள்ளளவும் கொண்டு ஓடிய மாருதி 800 ஆகியவற்றின் கார்புரேட்டர் காலத்து வண்டிகளில் மிதித்தவுடன் விக்கினால், முதலில் சோதிக்க வேண்டியது இதைத்தான். இயந்திரம் குளிர்ந்து அணைந்திருக்கும்போது காற்று வடிகட்டியைக் கழற்றிவிட்டு, தொண்டைக்குள் பார்த்தபடி நெம்புகோலைக் கையால் திருப்ப வேண்டும். பெட்ரோல் ஆவி சூழ்ந்த இடம் என்பதால் அருகில் எந்தத் தீயும் இருக்கலாகாது. நெம்புகோல் அசையத் தொடங்கிய அதே கணத்தில் மெல்லிய, நேரான தாரை ஒன்று பீய்ச்ச வேண்டும். தாரையே இல்லை என்றால் டயஃப்ரம் கிழிந்திருக்கலாம் அல்லது ஊசித்துளை அடைபட்டிருக்கலாம். தாரை வருகிறது, ஆனால் நெம்புகோல் கால்வாசி திரும்பிய பிறகே வருகிறது என்றால், பெட்ரோல் திரும்பிப் போகாதபடி தடுக்கும் சிறு உருண்டை வால்வு கசிகிறது அல்லது இணைப்புக் கம்பி தேய்ந்து இடைவெளி விட்டிருக்கிறது என்று கொள்ளலாம். பெரும்பாலானோர் தாரை வருகிறதா என்பதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். எப்போது வருகிறது என்பதில்தான் விடை இருக்கிறது.

இதே சிக்கலுக்கு பிரிட்டனின் எஸ்.யூ. கார்புரேட்டர் கண்ட தீர்வு முற்றிலும் வேறானது. மாரிஸ் மைனர், எம்.ஜி.பி. முதலிய கார்களில் பொருத்தப்பட்ட இதில் ஆக்ஸிலேட்டர் பம்பே கிடையாது. காற்றோட்டம் கூடும்போது தானாக மேலெழும் ஒரு பிஸ்டன் காற்றின் வழியை அகலமாக்குகிறது. அந்தப் பிஸ்டனின் நடுத்தண்டுக்குள் எண்ணெய் நிரப்பி, அதில் மூழ்கிய சிறு தடுப்பான் ஒன்றை வைத்து, பிஸ்டன் சட்டென்று எழும்பாதபடி செய்திருக்கிறார்கள். பிஸ்டன் தாமதிக்கும் அந்தச் சிறு நேரத்தில் குறுகிய வழியாகக் காற்று விரைவதால் பெட்ரோல் வரும் துளையான ஜெட்டின் மேல் உறிஞ்சுவிசை கூடி, பெட்ரோல் மிகுதியாக ஏறிக் கலவையைச் செறிவாக்குகிறது. இயந்திரத்தின் தயக்கத்தைப் போக்க ஓர் உறுப்பை வேண்டுமென்றே தயங்க வைத்த இந்த அமைப்பு, வாகனப் பொறியியலின் நயமான சிந்தனைகளுள் ஒன்று. இதன் மறுபக்கம், மூடியைத் திறந்து சில துளி எண்ணெய் விட மறந்தால் நல்ல கார்புரேட்டரும் விக்கத் தொடங்கிவிடும் என்பது. எஸ்.யூ. பொருத்திய வண்டி மிதித்தவுடன் விக்கினால், வேறெதையும் தொடுவதற்கு முன் அந்த எண்ணெயைப் பார்ப்பது முறை.

பம்பு சரியாக இயங்கியும் வண்டி மந்தமாகவே இருந்தால், கார்புரேட்டரை விட்டு விலகி, தீப்பொறியைப் பகிர்ந்தளிக்கும் டிஸ்ட்ரிபியூட்டரின் பக்கம் செல்ல வேண்டும். சிலிண்டருக்குள் பற்றவைத்த கலவை எரிந்து அழுத்தம் உச்சத்தை அடைய ஏறத்தாழ 2 மில்லிவினாடி பிடிக்கிறது என்று கொண்டால், நிமிடத்துக்கு 800 சுற்றில் அந்த நேரத்துக்குள் கிராங்க் தண்டு சுமார் 10 பாகையே திரும்புகிறது. 3000 சுற்றிலோ 36 பாகை திரும்பிவிடுகிறது. ஆகவே சுற்றுவேகம் கூடக் கூடத் தீப்பொறி முன்கூட்டியே விழ வேண்டும். டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருக்கும் இரண்டு எடைகள் சுழற்சியின் விசையால் வெளிநோக்கி விரிந்து இதைச் செய்கின்றன. குறைந்த த்ராட்டிலில் மெதுவாக எரியும் அடர்த்தி குறைந்த கலவைக்காக, மேனிஃபோல்டின் வெற்றிடத்தால் இயங்கும் ஒரு டயஃப்ரம் மேலும் சில பாகை முன்தள்ளுகிறது. எடைகள் துருவேறி இறுகிவிட்டால் இயந்திரம் கிளம்பும்போது குறை தெரியாது. சுற்று ஏற ஏற வலு மட்டும் வந்து சேராது. ஸ்ட்ரோப் விளக்கை, அதாவது முதல் சிலிண்டரின் தீப்பொறியோடு சேர்ந்து மின்னும் டைமிங் விளக்கை, கிராங்க் கப்பியின் குறிமேல் பாய்ச்சி, இயந்திரத்தின் சுற்றை உயர்த்தும்போது குறி நகர்கிறதா என்று பார்த்தால் இது வெளிப்பட்டுவிடும்.

இதைவிட நுட்பமான குறை பாயிண்ட்டில் நிகழ்கிறது. காயிலுக்குச் செல்லும் மின்னோட்டத்தைத் துண்டித்துத் தீப்பொறியைப் பிறப்பிக்கும் இந்தத் தொடுமுனையின் குதிப்பகுதி, சுழலும் கேம் மீது உரசி உரசித் தேய்கிறது. தேயும்போது முனைகளுக்கு இடைப்பட்ட இடைவெளி குறைவதோடு, அவை பிரியும் நேரமும் பின்தள்ளிப்போய்த் தீப்பொறி தாமதமாகிறது. இந்த மாற்றம் நாள்தோறும் கடுகளவாக நிகழ்வதால், வண்டியை அன்றாடம் ஓட்டுபவருக்கு அது புலப்படுவதில்லை. வேறொருவர் ஓட்டிப் பார்க்கும்போதுதான் மந்தம் தெரிகிறது. பழைய வண்டியின் ‘கார்புரேட்டர் கோளாறுகளில்’ பெரும்பகுதி மின்சாரக் கோளாறுகளே என்று அனுபவம் மிக்க மெக்கானிக்குகள் சொல்வது வெறும் கேலிப்பேச்சன்று.

காற்றுக்கசிவும் அடைபட்ட புகைபோக்கியும் இரு திசைகளில் ஒரே மந்தத்தை உண்டாக்குகின்றன. இரண்டையும் பிரித்துக் காட்ட மேனிஃபோல்டில் பொருத்தும் வெற்றிட அளவுமானி உதவுகிறது. தேய்மானம் குறைந்த இயந்திரம் மெதுவாக ஓடும்போது முள் பாதரச அளவில் 17 முதல் 21 அங்குலம் வரை அசையாமல் நிற்கும். கார்புரேட்டரின் அடிக் கேஸ்கெட்டிலோ பிரேக் பூஸ்டர் குழாயிலோ கசிவிருந்தால் அதைவிடத் தாழ்ந்து நிற்கும். இயந்திரத்தை 2500 சுற்றில் சீராக ஓடவிடும்போது முள் தொடக்கத்தில் சரியாக இருந்து மெல்ல மெல்ல இறங்கிக்கொண்டே போனால், எரிந்த வாயு வெளியேற வழியில்லை என்று பொருள். 1995 ஏப்ரல் முதல் சென்னை உள்ளிட்ட நான்கு பெருநகரங்களில் விற்ற புதிய பெட்ரோல் கார்களுக்கு வினையூக்கி மாற்றி கட்டாயமாக்கப்பட்டதால், அக்காலத்து வண்டிகளில் உள்ளே இருக்கும் தேன்கூட்டு அமைப்பு உருகியோ உடைந்தோ வழியை மறிப்பதற்கு இடமுண்டு.

சுமையில் மட்டும் சோரும் வண்டிக்கு விளக்கம் எளிது. வடிகட்டி, பம்பு, டாங்கி மூடியின் காற்றுத்துளை, மிதவை அறையின் ஊசி வால்வு ஆகியவற்றில் ஏதோ ஒன்று, மெதுவாக ஓடும்போது போதுமான பெட்ரோலைத் தந்துவிட்டு, தேவை பெருகும்போது கைவிடுகிறது. மூடியைத் தளர்த்திவிட்டு அதே மேட்டில் ஓட்டிப் பார்ப்பதிலிருந்து தொடங்கலாம்.

மேற்கூறிய எதிலும் அடங்காத காரணம் ஒன்று அண்மைக் காலத்தில் சேர்ந்திருக்கிறது. இந்தியாவில் 2023 முதல் படிப்படியாக விற்பனைக்கு வந்த, 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோலுக்கு, முழுமையாக எரிய எடைக் கணக்கில் ஏறத்தாழ 13.5 பங்கு காற்றே போதும். மின்னணுக் கட்டுப்பாடுள்ள இயந்திரம் புகையிலுள்ள ஆக்சிஜனை அளந்து பெட்ரோலைக் கூட்டிக்கொள்ளும். துளை அளவு மாறாத பித்தளை ஜெட்டால் அது இயலாது. கலப்பற்ற பெட்ரோலுக்கென்று துளையிட்ட கார்புரேட்டரில் இந்த எரிபொருளை ஊற்றும்போது கலவை சுமார் 7 முதல் 8 விழுக்காடு வரை வறண்டுவிடுகிறது. ஆக்ஸிலேட்டர் பம்பு பீய்ச்சும் தாரைக்கும் இதே கணக்குப் பொருந்தும். எத்தனால் ஆவியாகப் பெட்ரோலைவிட இருமடங்குக்கும் மேலான வெப்பம் தேவைப்படுவதால், காலைக் குளிரில் முதல் சில கிலோமீட்டருக்குத் தயக்கம் மேலும் கூடும். பழைய ரப்பர்க் குழாய்களும் டயஃப்ரங்களும் இந்தக் கலவையில் ஊறிப் பருத்தோ இறுகியோ போகக்கூடும் என்பதால், புதிய டயஃப்ரம் வாங்கும்போது எத்தனாலைத் தாங்கும் வகையா என்று கேட்டு வாங்குவது அவசியம். இதற்கு மருந்தாக ஜெட்டின் துளையை ஊசியால் குடைந்து பெரிதாக்கும் பழக்கம் சில இடங்களில் இருக்கிறது. அளவு தெரியாமல் குடைந்த துளையை மீண்டும் சிறிதாக்க முடியாது. அடுத்த அளவு எண் பொறித்த ஜெட்டை மாற்றிப் பார்ப்பதும், ஓட்டியபின் ப்ளக்கின் நிறத்தைக் கவனிப்பதுமே மீளக்கூடிய வழி.

எரிபொருள் உட்செலுத்தும் முதல் தலைமுறை வண்டிகளில் கார்புரேட்டர் இல்லாவிட்டாலும் ஈரப்படலத்தின் இயற்பியல் மாறுவதில்லை. பம்பின் இடத்தைத் த்ராட்டில் நிலை உணரி எடுத்துக்கொள்கிறது. பட்டாம்பூச்சி வால்வின் அச்சோடு திரும்பும் இந்த மின்தடை, வால்வு மூடியிருக்கும்போது பொதுவாக 0.5 வோல்ட் அளவிலும் முழுவதும் திறந்திருக்கும்போது 4.5 வோல்ட் அளவிலும் கணினிக்குச் செய்தி அனுப்புகிறது. மின்னழுத்தம் எவ்வளவு விரைவாக ஏறுகிறது என்பதை வைத்துக் கணினி கூடுதல் பெட்ரோலைத் தெளிக்கிறது. ஆண்டுக்கணக்கில் நகர நெரிசலில் ஓடிய வண்டியில், வால்வு அடிக்கடி நிற்கும் கால்வாசித் திறப்பில் அந்தத் தடைப்பாதையின் கரிப்பூச்சு தேய்ந்து, அவ்விடத்தைக் கடக்கும்போது மின்னழுத்தம் ஒரு கணம் அறுந்து மீள்கிறது. இவ்வளவு குறுகிய அறுபடலைக் கணினி கோளாறாகப் பதிவு செய்யாமல் விட்டுவிடக்கூடும், விலை மலிந்த எண்காட்டி மல்ட்டிமீட்டரும் தவறவிடும். சாவியைத் திருப்பி, இயந்திரத்தைக் கிளப்பாமல், பெடலை மிக மெதுவாக அழுத்தியபடி முள் வைத்த பழைய மீட்டரைப் பார்த்தால், சீராக ஏறிக்கொண்டிருக்கும் முள் அந்த ஓரிடத்தில் மட்டும் துள்ளிக் கீழே விழுவது கண்ணுக்குத் தெரியும்.

(தொடரும்)